எட்டரை மணிக் குறிப்பேடு

காலை 8.30 மணிக்கு மாடியில் நிற்பேன். 20 ஆண்டுப் பழக்கம். தண்ணீர்த் தொட்டியின் மறைவு படாத இடத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டு செங்குத்தாக நிற்கிறது, அடியில் மூடி போட்டு அடைத்தது. உள்ளே ஸ்டீல் ஸ்கேலை இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. என் நோட்டுக்கும் அதுதான் கணக்கு.

பெரும்பாலான பக்கங்களில் பூஜ்யம். ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய வரிசையாகப் பூஜ்யம். "பெய்யாத மழையை அளக்கவா மாடி ஏறுதீக?" என்று வீட்டுக்காரி முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. நான் வெளியூர் போன நாட்களில் அவளே ஏறிப் பார்த்து எழுதிவைக்கிறாள். நோட்டைப் புரட்டினால் அவள் போட்ட பூஜ்யங்கள் தனியாகத் தெரியும், நல்ல வட்டமாக இருக்கும்.

*

தேரி ஓரத்து ஊர் எங்களுடையது. திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் பக்கத்தில் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். காற்று கொண்டுவந்து குவித்த மணல். மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால் அந்தச் சிவப்பு. சட்டையில் பட்டால் சோப்புக்கு லேசில் போகாது. பிள்ளைகளின் யூனிஃபார்மைப் பார்த்தே யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

வாத்தியார் வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். பிரெய்ரி, ஸ்டெப்பி, சவானா என்று பலகை நிறைய எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே தேரி கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

*

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இதை எழுதிப் போட்டால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெளியே கூட்டிப்போய் மைதானத்தை அளக்கச் சொன்னேன். 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். நேற்றுக் குழாயில் 10 மில்லிமீட்டர். கணக்குப் போட்டார்கள். இருபதாயிரம் லிட்டர்.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க தெருவுக்கு வார தண்ணி லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர். அப்ப நேத்து நம்ம கிரவுண்டுல மட்டும் ஒண்ணேமுக்கா லாரிக்குக் கொஞ்சம் கொறைய இறங்கியிருக்கு."

சரியாகச் சொன்னான். கணக்குப் பாடத்தில் அவனைத் தேறாதவன் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

*

மேலக்காற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் மழை மறைவுப் பகுதி பாடம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து கேரளப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. பலகையில் மலை வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டு, "அதனால கிழக்குப் பக்கம் இருக்கிற நமக்கு இந்தக் காத்தால பிரயோஜனம் இல்லை" என்றேன்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பிள்ளை. "எங்கம்மா அளத்து வேலைக்குப் போகுது சார். மேலக்காத்து அடிச்சாத்தான் உப்பு நல்லா விளையும்னு சொல்லும். கடல்லேருந்து வார கொண்டக்காத்துல ஈரம் இருக்கும், பாத்தியில உப்பு இறங்காது."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். பாடப் படத்தில் என் அம்புக்குறி மலையடிவாரத்தோடு நின்றிருந்தது. அந்தப் பிள்ளைதான் அதைத் தூத்துக்குடி உப்பளம் வரைக்கும் இழுத்துவந்தாள். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் விளைகிறது என்றால், மலையைத் தாண்டி உலர்ந்துபோன அந்தக் காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பொதிகையின் உச்சி 1,868 மீட்டர். அந்தப் பக்கம் ஈரத்தை இறக்கிவைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து பாத்தியில் நிற்கிற கடல்நீரைக் குடிக்கிறது. முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுவதும் அதே காற்று. தேரி மணலை மேடு மாற்றி மேடு அள்ளிப் போடுவதும் அதே காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரம் கொஞ்சம் தப்பி வந்தால் குற்றாலத்தில் சாரல்.

மறுநாள் அந்தப் பிள்ளை ஒரு சிறு பொட்டலம் கொண்டுவந்தாள். அம்மா கொடுத்துவிட்ட உப்பு, இன்னும் பொடிக்காத கல். கையில் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. வகுப்பு முழுக்கக் கை மாறிப் போய் வந்தது. மழை மறைவுப் பகுதி என்று அன்றைக்குப் பிறகு எப்போது சொன்னாலும் எனக்கு நாக்கில் உப்புக் கரிக்கிறது.

பிரயோஜனம் இல்லை என்ற வார்த்தையை அந்தப் பாடத்தில் அதற்கப்புறம் நான் சொன்னதில்லை.

*

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா திருத்தினார். "தென்மேக்குன்னா சொல்லிக்குடுக்க? இங்கன நேர் மேக்கேருந்துல்லா அடிக்கி."

உண்மைதான். கடல்மேல் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, மலை இடைவெளிகளில் நுழைந்து எங்கள் ஊருக்கு வரும்போது மேற்குக் காற்றாகிவிடுகிறது. அப்பா பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம்.

*

2010-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் வீட்டுப்பட்டியல் எடுக்கும் வேலை வந்தது. சம்பளத்துக்கு மேலே ஒரு தொந்தரவு என்று ஸ்டாஃப் ரூமில் பலரும் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம். கொடுத்த பகுதியைக் கையால் படமாக வரைந்து, வீட்டுக்கு வீடு எண் போட வேண்டும். எந்தத் தெரு எங்கே வளைகிறது, எந்த முடுக்கு எங்கே போய் முட்டுகிறது, வேப்பமரம், மேல்நிலைத் தொட்டி, பூட்டிக் கிடக்கும் வீடு என்று எல்லாவற்றையும் நடந்து நடந்து வரைந்தேன். பிறந்த ஊர். ஆனாலும் நான் அதுவரை நுழையாத முடுக்குகள் ஏழு இருந்தன. அவற்றை எண்ணி வைத்திருக்கிறேன்.

படத்தை முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். தெருக்கள் காலில் ஏறியிருந்தன. வீட்டில் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் ஊர்ப் படத்தை எனக்காக மறுபடி வரைந்து சுருட்டிப் பரணில் போட்டேன். 13 வருஷம் கழித்துத்தான் அதை இறக்கினேன்.

*

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு காற்றுச் சுழற்சி எங்கள் தலைக்கு மேலேயே கொட்டித் தீர்த்தது. என் குழாய் 30 சென்டிமீட்டர் உயரம். நிரம்பியதும் 300 என்று குறித்துவிட்டுக் கவிழ்த்தேன். இருட்டில் மறுபடி நிரம்பியது. அந்நேரம் தெருவில் தண்ணீர் இடுப்பளவு. அப்பாவை மாடிக்குத் தூக்கிப் போவதா, ஸ்கேலை எடுப்பதா? அந்த நாளுக்கு என் நோட்டில் எண் இல்லை. "600-க்கு மேல்" என்று எழுதியிருக்கிறேன், அதுவும் ஈரம் பட்டுக் கலைந்திருக்கிறது.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்க இந்த மாவட்டத்தில் சராசரியாகப் பெய்கிற மழை அத்தனை இருக்காது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணி தன் பழைய இடங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனது. 80 வயதைத் தாண்டிய அப்பா இப்படி ஒரு மழையைக் கண்டதில்லை என்றார்.

பள்ளி திறந்தபோது பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். சிலருக்குப் புத்தகம் இல்லை. பாடம் எடுக்க எனக்கும் வாய் வரவில்லை. ஒருவன் கேட்டான்: "எல்லாருக்கும் ஒரே மழைதான சார் பெஞ்சிது. எங்க வீட்டுக்குள்ள மட்டும் ஏன் அவ்ளோ தண்ணி?"

ஜன்னல் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தேன். தண்ணீர் நின்ற கறை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தது. தேங்கி நிற்கிற தண்ணீருக்கு மேல்மட்டம் ஒன்றுதான். கறை எல்லா வீட்டிலும் ஒரே மட்டம், மாறுவது தரைதான். கொத்தனார் மகன் ஒருவன் உடனே பிடித்துக்கொண்டான். "டியூபுல தண்ணி ஊத்தி மட்டம் பாக்கிற மாதிரி சார்!"

பரணிலிருந்து ஊர்ப் படத்தை இறக்கினேன். டேப்பை எடுத்துக்கொண்டு நாலு குழுவாகத் தெருத்தெருவாகப் போனோம். தரையிலிருந்து கறை வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்? பள்ளி கேட்டில் 40. கீழத்தெருவில் 110. அம்மன் கோயில் மேல்படியில் கறையே இல்லை. வீட்டுக்கு வீடு எண்ணைப் படத்தில் எழுதி, ஒரே அளவுள்ள புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தார்கள். 20 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. அன்றைக்குச் சாயங்காலம் சார்ட்டில் எங்கள் ஊரின் மேடு பள்ளம் கிடந்தது. சம உயரக் கோடு என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதற்குப் பெயர் என்ன சார் என்று அவர்கள்தான் கேட்டார்கள்.

பள்ளமான எண்கள் வீடுகளுக்கு நடுவே ஒரு நூல் பிடித்ததுபோல், குளத்து மறுகாலிலிருந்து கிழக்கே போயின. பெரியவர்களிடம் விசாரித்தோம். அங்கே ஓர் ஓடை இருந்ததாம். கீழத்தெருப் பிள்ளை ஒருத்தி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப எங்க வீடு ஓடைக்குள்ளயா சார் இருக்கு?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜனவரி 26 கிராம சபையில் பிள்ளைகள் அந்தப் படத்தை விரித்துக் காட்டினார்கள். ஓடையைத் தூர் வார வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். வேலை தொடங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, பாதிதான் முடிந்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் நகலை என்னிடம் வைத்திருக்கிறேன்.

*

கொற்கைக்கு வருஷம் ஒருமுறை போவோம். டவுன் பஸ்ஸில்தான். பாண்டியரின் துறைமுகம், முத்துக் குளித்த ஊர் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இறங்கியதும் கடலைத் தேடுவார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வாழையும் நெல்லும். கடல் 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எங்கே போனது கடல்? தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் அதைத் தள்ளிவிட்டது. பொதிகையில் தேய்ந்த மலை இங்கே வயலாகக் கிடக்கிறது. கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69-லும் 2021-லும் தொல்லியல் துறை தோண்டியது. இதையெல்லாம் வன்னிமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்வேன், அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிறகு ஒரு பிடி வயல் மண்ணை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைக்கச் சொல்வேன். மணல் முதலில் இறங்கும். வண்டல் மெதுவாக இறங்கும். களி கடைசிவரை மிதந்துகொண்டே இருக்கும். திரும்பிவருகிற பஸ்ஸில் எல்லார் மடியிலும் ஆளுக்கொரு பாட்டில் இருக்கும். கொற்கை கடலை விட்டு விலகிய கதை அதற்குள் நடந்துகொண்டிருக்கும்.

*

மனத்தாங்கல் ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். ஜனவரி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் புவியியல் பீரியடு கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது வரைபடத்தில் என்ன கேட்பார்கள் என்ற பட்டியல்தான். ஆரவல்லி எங்கே என்று கேட்டால் பிள்ளையின் பென்சில் தானாகப் போய்க் குறிக்கும். உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எந்தத் திசை என்று கேட்டால் முழிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் குளோப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். பதினொன்றாம் வகுப்பில் புவியியல் இருந்த பிரிவையே சேர ஆளில்லை என்று மூடிவிட்டார்கள். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வருகிற மாவட்டத்தில் நிலத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டாமா? கோபம் இன்னும் தணியவில்லை.

*

அப்பா பனையேறி. நாளைக்கு 40 பனை, காலையும் மாலையும். தளைநாரும் முருக்குத்தடியும் இன்றைக்கும் எறவாணத்தில் செருகியிருக்கின்றன. தேரி மேட்டுப் பனையின் உச்சியிலிருந்து கிழக்கே கடல், மழை விட்ட காலைகளில் மேற்கே மலை தெரியும் என்பார். சின்ன வயதில் நான் கீழே கலயத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். "என்னப்பா தெரியுது?" என்று கேட்பேன். தோணி எத்தனை, எந்தப் பக்கம் போகிறது, மேகம் எங்கே இறங்குகிறது என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே பாளை சீவுவார். என் முதல் பூகோள வகுப்பு அதுதான்.

இப்போது அவர் கட்டிலோடு இருக்கிறார். ஞாயிறு காலைகளில் நான் மட்டும் தேரிக்குள் நடக்கிறேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். விடியலில் மணல் குளிர்ந்திருக்கும், காற்று போட்ட வரிகள் கலையாமல் இருக்கும். அந்த வரிகளின் மெல்லச் சரியும் பக்கம் மேற்கே பார்த்திருந்தால் மேலக்காற்று. சிறு கற்கருவிகள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன, கற்கால மனிதன் செதுக்கியவை. நகக்கண் அளவு கல் எப்போதாவது கண்ணில் படும். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் அது கிடந்த இடம் தொலைந்துபோகும். குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவருவேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார், "மணல் எங்குட்டுப் போயிருக்கு?" ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கையைக் கட்டிக்கொள்கிறேன்.

*

ஆகஸ்ட் 31. பகல் 12 மணிக்கு ஒன்பதாம் வகுப்பை வெளியே கூட்டிவந்தேன். கொடிமேடையின் சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, தூக்குநூல் விட்டுச் சரிபார்த்தோம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குச்சியை நெருங்கி வந்தன. 12.18-க்கு வைக்க இடமில்லை. "சார், நெழலக் காணும்!" என்று ஒருத்தி கத்த, மொத்த வகுப்பும் தன் தன் காலடியைக் குனிந்து பார்த்தது. ஒருவன் ஒற்றைக் காலைத் தூக்கிப் பார்த்தான்.

சத்தம் அடங்கியதும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சூரியன் உச்சிக்கு வந்தா மணி பன்னிரண்டுதான சார்? 18 நிமிஷம் எதுக்குப் பிந்துது?"

இந்தக் கேள்விக்காகத்தான் வருஷா வருஷம் அந்த வெயிலில் நிற்கிறேன். நம் கடிகாரம் மிர்சாப்பூர் வழியே போகிற 82½ டிகிரி தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிஷம். 18-ஐ 4-ஆல் வகுத்தாள். நாலரை. 82½-இல் அதைக் கழித்தாள். 78. ஓடிப்போய் அட்லஸைத் திறந்தாள். எங்கள் ஊர் 78 டிகிரிக்குச் சற்றே கிழக்கே இருக்கிறது. ஒரு குச்சியையும் ஒரு கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, தான் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டாள். சூரியக் கணக்கும் கடிகாரக் கணக்கும் ஒத்துப்போவது வருஷத்தில் 4 நாட்கள்தான். ஏப்ரல் 15, செப்டம்பர் 1 இரண்டையும் ஒட்டியே எங்கள் நிழலில்லா நாட்கள் வருவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த கொடை.

உங்கள் ஊருக்கும் அப்படி இரண்டு நாட்கள் உண்டு. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், மதுரைக்கு ஏப்ரல் 16 வாக்கில், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் முதல் நாள் வரும். அன்றைக்கு நண்பகலில் வீட்டுப் பிள்ளையை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். நேரத்தை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.